விளம்பரத்துக்கு முன் விசாரணை

சென்னையில் அரிசி விற்க முனையும் உழவர் நிறுவனங்கள் கவனத்துக்கு

நெல்லை நெல்லாகவே வியாபாரியிடம் கொடுத்துவிடாமல், அரைத்து, சொந்தப் பெயர் பொறித்த பையில் அடைத்து விற்க உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் பல முன்வந்துள்ளன. வரவேற்க வேண்டிய முயற்சி இது. ஆனால் பையை அச்சிட்டு, விளம்பரமும் கொடுத்த பிறகு, "சரக்கு ஏன் நகரவில்லை?" என்று யோசிப்பதில் பயனில்லை. அந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டாக வேண்டும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். விளம்பரத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் செலவிடுவதாக வைத்துக்கொள்வோம். எல்லாச் செலவும் போகக் கிலோவுக்கு 8 ரூபாய் நின்றால், போட்ட பணத்தை எடுப்பதற்கே 12,500 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டைகள் 500 கூடுதலாக விற்றாக வேண்டும். விற்காவிட்டால் நஷ்டம் உறுப்பினர்களின் பங்குத் தொகையில்தான் விழும். அது ஆடு விற்ற பணமாகவும் இருக்கும். நகையை அடகு வைத்த பணமாகவும் இருக்கும். விதைக்கும் முன் மண் பரிசோதனை செய்வதைப் போல, விளம்பரம் செய்யும் முன் வாங்குவோரை விசாரித்து அறிவது அவசியம்.

வாங்குவோரை அறிந்தவர்கள்

கடலூரில் 1983இல் சி.கே. ரங்கநாதன் 15,000 ரூபாய் முதலீட்டில் 'சிக்' ஷாம்பூவைத் தொடங்கினார். சிறிய பொட்டலத்தில் ஷாம்பூ அடைப்பதில் அவருடைய தந்தை சின்னிகிருஷ்ணன் முன்னோடி. ஷாம்பூவே பழகாத கிராமங்களில் 'சிக்' ஆட்கள் ஒரு சிறுவனின் தலையைக் கூட்டத்தின் நடுவே அலசிக் காட்டி, கூடியிருந்தவர்களைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கச் சொன்னார்கள். வாங்கத் தயங்கியதன் காரணம் வெறுப்பன்று, பழக்கமின்மை என்பதை உணர்ந்து செய்த வேலை அது. பிறகு மல்லிகை, ரோஜா மணங்களில் ஷாம்பூ வந்தது. பூச்சூடும் பெண்களிடம் அது நன்றாக எடுபட்டது. அந்த நிறுவனமே இன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கெவின்கேர்.

பாலிலும் ஒரு பாடம் உண்டு. சென்னைக் கடைகளில் ஆவின் பாலை வாங்குகிறவர் கொழுப்புச் சதவீதத்தைச் சொல்லிக் கேட்பதில்லை. "ஒரு ஆரஞ்சு, ஒரு நீலம்" என்றே கேட்கிறார். 6 சதவீதக் கொழுப்புள்ள நிறை கொழுப்புப் பாலுக்கு ஆரஞ்சு உறை. 3 சதவீதக் கொழுப்புள்ள சமன்படுத்திய பாலுக்கு நீல உறை. வாங்குவோர் வாயில் எளிதாக வரும் அடையாளமே நிலைக்கும்.

அரிசிக்கும் இது பொருந்தும். வேளாண் துறையினர் பி.பி.டி. 5204 என்று குறிக்கும் ரகத்தை வீடுகளில் ஆந்திரா பொன்னி என்கிறார்கள். ரக எண்ணை மட்டும் பெரிதாக அச்சிட்ட பை, அந்த அரிசியைத் தேடி வருபவர் கண்ணிலேயே படாமல் போகலாம்.

மூன்று பேட்டை, மூன்று வாடிக்கை

சென்னை என்று பொதுவாக எண்ணி இறங்குவது தவறு. மயிலாப்பூரில் மாட வீதிகளைச் சுற்றிப் பல தலைமுறையாக ஒரே கடையில் சாமான் வாங்கும் குடும்பங்கள் இருக்கக்கூடும். அவர்களிடம் கடைக்காரரின் சொல்லே பெரிய விளம்பரம். அடையாறில் காந்தி நகர், கஸ்தூரிபா நகர் பகுதிகளின் அடுக்குமாடிகளில் சிறு குடும்பங்கள் 5 கிலோ பையைத் தொலைபேசியிலேயே வரவழைக்கக்கூடும். தியாகராய நகரில் ரங்கநாதன் தெருக் கூட்டத்தைக் கண்டு மயங்கக் கூடாது. ஜவுளியும் நகையும் வாங்க வெளியூரிலிருந்து வருபவர்கள் அங்கு ஏராளம். துணிப்பையோடு ரயிலைப் பிடிக்க ஓடுபவர் அரிசி மூட்டையைத் தூக்கிச் செல்லமாட்டார்.

இவை நம் ஊகங்களே. சரியா தவறா என்பதை வாசல் ஏறிக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேட்கும் முறை

பேட்டைக்கு 30 வீடுகள் போதும். இதைக்கொண்டு நகரம் முழுவதற்கும் சதவீதக் கணக்குப் போட முடியாது. ஆனால் வாங்குவதற்கும் வாங்காததற்கும் உள்ள காரணங்கள் வெளிப்பட்டுவிடும். தெரிந்தவர் வீடுகளுக்கு மட்டும் போனால் முகத்துக்காக நல்லதாகவே சொல்வார்கள். தெருவில் ஐந்து வீட்டுக்கு ஒன்று என்று எடுத்துக்கொள்வது நல்லது.

"எங்கள் அரிசியை வாங்குவீர்களா?" என்று கேட்காதீர்கள். வீடு தேடி வந்தவரிடம் "மாட்டேன்" என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. கடைசியாக எந்த அரிசி, எங்கே, எத்தனை கிலோ, என்ன விலைக்கு வாங்கினார்கள். அதில் என்ன குறை கண்டார்கள். எதற்காகக் கடையை மாற்றினார்கள் என்று கேளுங்கள். நடந்ததைக் கேட்டால் உண்மை வரும். சமைப்பவரிடமே கேட்பது முக்கியம்.

அடுத்து, பெயர் எழுதாத இரண்டு பைகளில் ஒரு கிலோ வீதம் கொடுங்கள். ஒன்றில் உங்கள் அரிசி; மற்றதில் அந்த வீட்டார் வழக்கமாக வாங்கும் ரகம். எது எதுவென்று சொல்லாமல் 'அ', 'ஆ' என்று மட்டும் குறியிடுங்கள். ஒரு வாரம் கழித்துச் சென்று எந்தப் பை முதலில் தீர்ந்தது, ஏன் என்று விசாரியுங்கள். "சோறு நன்றாக இருக்கிறது, ஆனால் கல் பொறுக்க வேண்டியிருக்கிறது" என்று பல வீடுகளில் சொன்னால், பணம் போக வேண்டிய இடம் விளம்பரமன்று. கல் நீக்கும் இயந்திரம்.

பெயரும் வாசகமும்

விசாரணையில் அடிக்கடி வந்த குறை எதுவோ, அதற்குப் பதில் சொல்வதாக விளம்பரம் இருக்க வேண்டும். ஒரு விளம்பரத்தில் ஒரு செய்தி போதும். பாரம்பரிய ரகங்களை விற்பவர்கள் "சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்" என்று எழுதக் கூடாது. உணவுப் பொருள் நோய் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை உணவுப் பாதுகாப்புச் சட்ட விதிகள் அனுமதிப்பதில்லை. இயற்கை விளைபொருள் என்று குறிப்பிடவும் அதற்கான சான்று வேண்டும்.

பை அச்சிடும் முன், நீங்கள் தேர்ந்த பெயர் வேறொருவரால் பதிவு செய்யப்பட்டுள்ளதா என்று வணிகச் சின்னப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பித்துக்கொள்ளலாம். விலை வைக்கும்போது வரியையும் மறக்கலாகாது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பையிலடைத்துப் பெயர் ஒட்டி விற்கும் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது.

பலனை அளத்தல்

முதல் மாதம் மயிலாப்பூரில் மட்டும் விளம்பரம் செய்யுங்கள். அடையாறில் விளம்பரமின்றிக் கடைகளுக்குச் சரக்கு மட்டும் அனுப்புங்கள். முந்தைய மாத விற்பனையோடு இரு இடத்தையும் ஒப்பிட்டால், விளம்பரத்தால் வந்தது எவ்வளவு, தானாக வந்தது எவ்வளவு என்று ஓரளவு புரியும். ஆனால் புரட்டாசி, பொங்கல் போன்ற காலங்களில் சமையலே மாறும். புரட்டாசியில் அசைவம் குறைவதால் நாமக்கல் முட்டை விலை இறங்குவது பண்ணையாளர்கள் அறிந்ததே. அத்தகைய மாதங்களில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவும்.

முதல் மூட்டையை விளம்பரம் விற்கலாம். இரண்டாவது மூட்டையை விற்பது அரிசிதான். ஆகவே எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதைவிட, எத்தனை பேர் மறுபடியும் வாங்கினார்கள் என்பதைக் குறித்து வையுங்கள். மறுமுறை வாங்குவோர் பெருகினால் விளம்பரத்தைக் கூட்டலாம். குறைந்தால் நிறுத்திவிட்டு, மீண்டும் வீட்டு வாசலுக்குச் சென்று விசாரிக்க வேண்டும். இவ்வாறு செய்தால் உறுப்பினர்களின் பணம் வீணாகாது. விளைபொருளுக்கும் நல்ல பெயர் நிலைக்கும்.