ஓவர்ரைடு செய்தால் ஆப் ஏன் படுத்துவிடுகிறது?

திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கிப் படிக்கும் நண்பர்கள், புராஜெக்ட் டெமோவுக்கு முதல் நாள் போனை நீட்டுவார்கள்: "ஆப் திறந்தவுடனே படுத்துடுதுப்பா!" நான் முதலில் பார்ப்பது ‘ஆன்கிரியேட்’ மெத்தட்டைத்தான்.

அது ஆண்ட்ராய்டின் ‘ஆக்டிவிட்டி’ கிளாஸிலிருந்து நமக்குப் பரம்பரைச் சொத்தாக வருவது. அதை நாம் மாற்றி எழுதினால் (இதுதான் ஓவர்ரைடிங்) பழையது தானாக ஓடாது. ‘சூப்பர்’ போட்டு நாமே கூப்பிட வேண்டும். கூப்பிட்டோமா என்று ஆண்ட்ராய்டு சோதிக்கும். இல்லையென்றால் எக்செப்ஷன் வீசி ஆப்பை நிறுத்திவிடும். சத்தம் போட்டுச் சாகிறதே, அதுவே புண்ணியம்! ‘சூப்பர்’ என்ற இடத்தில் ‘திஸ்’ போட்டால், மெத்தட் தன்னையே ஓயாமல் கூப்பிட்டு ஸ்டாக் நிரம்பி வழியும்.

சி பிளஸ் பிளஸ்ஸில் மெத்தட் பெயரில் ஓரெழுத்து பிசகினால் கிராஷ்கூட ஆகாது. பழைய மெத்தடே கமுக்கமாக ஓடும். 2011 தரத்தில் ‘ஓவர்ரைடு’ என்ற சொல் வந்தது இதற்காகத்தான். ஜாவாவில் 2004-லேயே வந்துவிட்டது. அதைப் போட்டு வைத்தால் பிசகைக் கம்பைலரே பிடித்துக் கொடுக்கும்.