வணிகர்களே, உயில் எழுதி வையுங்கள்!

வியாபாரத்தில் இருக்கும் நாம் எல்லாவற்றுக்கும் கணக்கு வைப்பவர்கள். மார்ச் 31 வந்தால் சரக்கு இருப்பு எடுக்கிறோம். யாருக்கு எவ்வளவு பாக்கி, யாரிடமிருந்து எவ்வளவு வரவேண்டும் என்று பேரேட்டைப் புரட்டிச் சரிபார்க்கிறோம். ஆனால் நமக்குப் பிறகு கடை யாருக்கு, குடோன் யாருக்கு, வீடு யாருக்கு என்ற கணக்கை மட்டும் பெரும்பாலானோர் மனதிலேயே வைத்திருக்கிறார்கள். மனதில் இருக்கும் கணக்கு மனிதரோடு போய்விடும்.

நம் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் மண்டி நடத்திய ஒரு வணிகரின் குடும்பத்தை நாம் நன்கு அறிவோம். நெல், மணிலா வியாபாரத்தில் நல்ல பெயர் எடுத்தவர். "மண்டி பெரியவனுக்கு, வீடு சின்னவனுக்கு, பெண்ணுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எழுதி வைக்கவில்லை. ஒரு நாள் விடியற்காலை மாரடைப்பில் போய்விட்டார். மண்டி அவர் ஒருவர் பெயரில் இருந்ததால் வங்கிக் கணக்கில் பணம் எடுக்க முடியவில்லை. சரக்குப் போட்ட விவசாயிகள் பணம் கேட்டு வாசலில் நின்றார்கள். சில்லறைக் கடைக்காரர்கள் தரவேண்டிய பாக்கியோ அவர் சட்டைப்பையில் இருந்த சிறு நோட்டில் அவருக்கு மட்டும் புரியும்படி எழுதப்பட்டிருந்தது. பதினெட்டு வருடம் மண்டியில் உழைத்த மூத்த மகனுக்கும், பங்கு கேட்ட மற்றவர்களுக்கும் பேச்சு முற்றியது. இன்று அந்த மண்டி வேறொருவருக்கு வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது. ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் போவதில்லை.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. உழைத்தவன் கேட்டதும் நியாயம், பெற்ற பெண் கேட்டதும் நியாயம். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் சொல்லாமல் போனதுதான் குறை.

சட்டம் சொல்வது என்ன?

உயில் இல்லாமல் ஒரு இந்து ஆண் இறந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய சுயசம்பாத்தியச் சொத்து மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகியோருக்குச் சம பங்காகப் போகும். மனைவி, இரு மகன்கள், ஒரு மகள், தாய் என்று இருந்தால் ஐந்து பங்கு. மனைவிக்குக் கிடைப்பது ஐந்தில் ஒன்றுதான். "மனைவிக்குப் பாதி" என்று நம்மில் பலர் நினைப்பது தவறு. கடையில் உழைத்தவர் யார், உழைக்காதவர் யார் என்று சட்டம் பார்ப்பதில்லை. பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு மகனுக்குச் சமமான உரிமையை 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் தந்துவிட்டது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை மேலும் உறுதி செய்தது. பூர்வீகச் சொத்தில் நம்முடைய பங்குக்கு மட்டுமே நாம் உயில் எழுத முடியும்.

பெண்களும் உயில் எழுத வேண்டும். நம் கடைவீதிகளில் மனைவி பெயரில் இடம் வாங்குவது வழக்கம். குழந்தையில்லாத விதவை தானே சம்பாதித்து வாங்கிய சொத்துகூட, உயில் இல்லாவிட்டால் முதலில் கணவரின் வாரிசுகளுக்குப் போகுமே தவிர, பெற்ற தாய்க்குப் போகாது. பெண்கள் உயில் எழுதி வைக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே கேட்டுக்கொண்டது.

இஸ்லாமிய அன்பர்களுக்கு வேறு முறை. கடனும் இறுதிச் சடங்குச் செலவும் போக மிஞ்சுவதில் மூன்றில் ஒரு பங்குக்குள்தான் பொதுவாக உயில் செல்லும். அவர்கள் தங்கள் முறை அறிந்தவர்களிடம் கேட்டுச் செய்வது நலம்.

பெரிய இடத்திலும் இதே கதை

ரிலையன்ஸ் நிறுவனர் திருபாய் அம்பானி 2002 ஜூலையில் உயில் எழுதாமல் காலமானார். மகன்கள் இருவருக்கும் மூண்ட பிணக்கு நாடறிந்தது. 2005 ஜூனில் தாயார் முன்நின்று தொழிலைப் பிரித்துக் கொடுத்தார். நம் மாநிலத்தில் முதல்வர் ஜெயலலிதா 2016 டிசம்பரில் மறைந்தார். உயில் எதுவும் வெளிவரவில்லை. அவருடைய அண்ணன் பிள்ளைகள் வாரிசுகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2020 மே மாதம்தான் அறிவித்தது. போயஸ் தோட்ட வீட்டை அரசு எடுத்துக்கொண்டது செல்லாது என்ற தீர்ப்பு 2021 நவம்பரில் வந்தது. வக்கீல்களுக்குக் குறைவில்லாத இடங்களிலேயே இத்தனை வருடம் என்றால், எம்.ஜி. ரோட்டிலும் நேரு வீதியிலும் கடை வைத்திருக்கும் நம் பிள்ளைகள் எத்தனை நாள் கடையைப் பூட்டிவிட்டுக் கோர்ட்டுக்கு நடப்பார்கள்?

எழுதுவது எப்படி?

18 வயது நிறைந்த, தெளிவான மனநிலையில் உள்ள எவரும் உயில் எழுதலாம். முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதலாம். எழுதியவர் கையெழுத்திட வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். சொத்துப் பெறுபவரைச் சாட்சியாகப் போடாதீர்கள். பின்னாளில் கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், நம்மைவிட வயதில் இளையவர்களாகப் பார்த்துப் போடுவது நல்லது. பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து வைத்தால் பிற்காலத் தகராறு குறையும். உறையிலிட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் வழியுண்டு.

"இப்போதே எழுதிவிட்டால் பிள்ளைகள் நம்மைக் கவனிப்பார்களா?" என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் செட்டில்மெண்ட் பத்திரத்துக்குப் பொருந்தும். அது எழுதிப் பதிந்தவுடன் உரிமை கைமாறிவிடும். உயில் அப்படியல்ல. நம் காலத்துக்குப் பிறகே அது நடைமுறைக்கு வரும். உயிரோடு உள்ளவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். சட்டப்படி கடைசியாக எழுதியதே செல்லும்.

வணிகர்கள் கவனிக்க வேண்டியவை வேறு சிலவும் உண்டு. வங்கியில் நாமினி போட்டிருக்கிறோம், அது போதும் என்று இருந்துவிடக் கூடாது. வங்கிப் பணத்தில் நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவரே, உரிமையாளர் அல்ல. 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். கரண்ட் அக்கவுண்டுக்கும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கூட்டு வியாபாரத்தில் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால், ஒரு பங்குதாரர் இறந்தாலே ஃபர்ம் கலைந்ததாகிவிடும். எனவே அந்த ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள். தனி உரிமையாளரின் ஜி.எஸ்.டி. பதிவு அவருடைய பான் எண்ணோடு சேர்ந்தது. கடையைத் தொடரும் வாரிசு தம் பெயரில் பதிவு பெற வேண்டும்.

உயிலோடு ஒரு பட்டியலும் வையுங்கள். வரவேண்டிய பாக்கி, தரவேண்டிய கடன், கடை அட்வான்ஸ், அடகு வைத்த பத்திரம், இன்சூரன்ஸ் பாலிசி என எல்லாம் அதில் இருக்கட்டும். அது எங்கே இருக்கிறது என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிய வேண்டும்.

உயில் வயதானவர்களுக்கு மட்டும் உரியது என்று இளம் வணிகர்கள் எண்ண வேண்டாம். கொள்முதலுக்காக இரவோடு இரவாகச் சென்னை நெடுஞ்சாலையில் போய்வருபவர்கள் அவர்கள்தான். உயில் எழுதினால் ஆயுள் குறையும் என்பதும் வீண் பயம். இன்சூரன்ஸ் எடுத்ததால் எந்தக் கடையும் தீப்பிடித்துவிடவில்லை.

மே 5 வணிகர் தினத்தன்று நாம் கடைக்கு விடுமுறை விடுகிறோம். அடுத்த வணிகர் தினம் வருவதற்குள் நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் நல்ல வக்கீல் ஒருவரைக் கலந்து உயிலை எழுதி முடித்திருக்க வேண்டும். எழுதும் முன் மனைவி, மகன், மகள் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசுங்கள். நாம் இருக்கும்போது வரும் மனத்தாங்கலை நாமே பேசித் தீர்த்துவிடலாம். நாம் போன பிறகு வந்தால் கோர்ட்டில்தான் தீர்க்க வேண்டியிருக்கும்.