விசாவுக்குப் பணம் கேட்கிறார்களா... ஒரு நிமிடம்!

ஆவடிப் பக்கம் ஐ.டி.ஐ முடித்த பையன் இருக்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி, “விசா வந்துடுச்சா?”

1965-ல் முதல் விஜயந்தா டாங்கியை உருவாக்கிய கனரக வாகனத் தொழிற்சாலை, பக்கத்திலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று வெல்டர், ஃபிட்டர்களுக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. அவர்களுக்கு சிங்கப்பூரும் வளைகுடாவும் கூப்பிடு தூரம்தான். ஆனால், நகையை அடகு வைத்து ‘விசா காசு’ கட்டும் அம்மாக்கள் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. இந்த நாடுகளில் வேலை விசாவுக்கு அனுமதி கேட்க வேண்டியவர் உங்கள் மகன் இல்லை. அவனை வேலைக்கு எடுக்கும் முதலாளி!

சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவிலிருந்து வொர்க் பெர்மிட்டில் ஒருவரை எடுத்தால், நிறுவனம் அரசுக்கு 5,000 சிங்கப்பூர் டாலருக்குப் பிணை கொடுக்க வேண்டும். மாதாமாதம் ‘லெவி’யும் கட்ட வேண்டும். இதைத் தொழிலாளியிடம் வசூலிப்பது அங்கே குற்றம். கிளம்பும் முன்பே அனுமதிக் கடிதம் தொழிலாளியின் தாய்மொழியில் கைக்கு வர வேண்டும். அடிப்படைச் சம்பளமும் பிடித்தமும் அதில் இருக்கும். அந்தக் கடிதத்தைக் கண்ணில் காட்டாத ஏஜென்ட்டிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அமெரிக்காவின் ஹெச்-1பி விசாவுக்கும் நிறுவனம்தான் மனு போடுகிறது. 2025 செப்டம்பரில் அதிபர் ட்ரம்ப் அறிவித்த 1 லட்சம் டாலர் கட்டணமும் நிறுவனத்தின் தலையில்தான் விழுந்தது. நம் நாட்டிலும் கெடுபிடி உண்டு. ஸ்ரீபெரும்புதூருக்கு ஒரு கொரிய இன்ஜினீயரை வேலை விசாவில் அழைத்தால், ஆண்டுச் சம்பளம் பொதுவாக 16.25 லட்சம் ரூபாய்க்குக் குறையக் கூடாது. கொரியச் சமையல்காரருக்கு இதில் விலக்கு உண்டு... கிம்ச்சிக்குக் கிடைத்த மரியாதை!

வளைகுடா ஏஜென்ட்டுகள் வாயில் அடிக்கடி வரும் வார்த்தை ‘ஃப்ரீ விசா’. இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள், லட்சங்களில் விலை சொல்வார்கள். யாரிடம் வேண்டுமானாலும் வேலை பார்க்கலாமாம்! உண்மையில், பெயருக்கு ஒரு ஸ்பான்சர் காசுக்கு விற்கும் விசா அது. இறங்கியபின் அனுமதியில்லாமல் வேறிடத்தில் வேலை பார்த்துப் பிடிபட்டால் அபராதம், நாடு கடத்தல் வரை போகும்.

இதைவிட மோசம் டூரிஸ்ட் விசா. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் வளைகுடா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, மத்திய அரசின் குடிபெயர்வு அனுமதி தேவை. வேலை ஒப்பந்தத்தைக் காட்டினால்தான் அது கிடைக்கும். அதைத் தட்டிக்கழிக்கத்தான் ‘முதலில் டூரிஸ்ட்டாகப் போ, அங்கே மாற்றிக்கலாம்’ என்கிறார்கள். படித்தவர்களும் ஏமாறாமல் இல்லை. தாய்லாந்தில் ஐ.டி வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவாடியில் ஆன்லைன் மோசடிக் கும்பலிடம் சிக்கிய 13 தமிழர்கள் 2022 அக்டோபரில்தான் சென்னை திரும்பினார்கள்.

பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாய். 18% ஜி.எஸ்.டி சேர்த்தால் 35,400. ரசீது கட்டாயம். ஏஜென்ட் பதிவு பெற்றவர்தானா என்பதை ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் செல்போனிலேயே பார்த்துவிடலாம். ஏஜென்ட்டே வேண்டாம் என்றால், 1978-ல் தொடங்கப்பட்ட தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் கிண்டியில் இருக்கிறது. ஆவடியிலிருந்து ரயிலேறி, பூங்கா நிலையத்தில் மாறினால் கிண்டிக்குப் போய்விடலாம். பையனின் ஐ.டி.ஐ சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.