அரிப்பும் ஒரு சாட்சியமே: கர்ப்பகாலக் கல்லீரல் நோயும் தலித் பெண்களின் நலவுரிமையும்

எட்டு மாதக் கர்ப்பிணியான நிலமற்ற கூலித் தொழிலாளி ஒருவருக்கு உள்ளங்கைகளிலும் உள்ளங்கால்களிலும் தாங்கவியலாத அரிப்பு. இரவெல்லாம் உறக்கமில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைச் சொன்னபோது, “சேத்துல நிக்காத, சுத்தமா குளி” என்று ஒருமையில் பதில் வந்தது. தோலில் பூச ஒரு களிம்பு தரப்பட்டது. முப்பத்தேழாவது வாரத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்தது.

சில மாதங்கள் கழித்து அவர் தன் கணவருடன் என் அலுவலகத்துக்கு வந்தார். தாய் சேய் நல அட்டையைப் புரட்டிப் பார்த்தேன். எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் அளவு எல்லாம் பதிவாகியிருந்தன. அரிப்பு என்ற சொல் எந்தப் பக்கத்திலும் இல்லை. கல்லீரலுக்கான சோதனை எதுவும் செய்யப்படவில்லை. ஆகவே அக்குழந்தையின் இறப்புக்கு எது காரணம் என்பதை இனி எந்த நீதிமன்றத்திலும் நிறுவ இயலாது. அந்த இயலாமையே இக்கட்டுரைக்குக் காரணம்.

கர்ப்பகாலப் பித்தநீர்த் தேக்கம் என்றொரு நோய் உண்டு. மருத்துவர்கள் இதை ‘கொலஸ்டேசிஸ்’ என்பர். கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் இயல்பாகக் குடலுக்குச் செல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் உயரும் ஹார்மோன்களாலும் மரபணுக் கூறுகளாலும் சில பெண்களுக்கு இந்த ஓட்டம் தடைபடுகிறது. பித்த அமிலங்கள் ரத்தத்தில் சேர்கின்றன. பெரும்பாலும் ஏழாம் மாதத்துக்குப் பின் அரிப்பு தொடங்குகிறது. தடிப்போ கொப்புளமோ இருக்காது. சொறிந்த தழும்பு மட்டுமே தெரியும். இரவில் கடுமை கூடும். சிலருக்குச் சிறுநீர் அடர்ந்த நிறத்திலும் மலம் வெளிறியும் போகும். பிரசவத்துக்குப் பின் நோய் அகன்றுவிடும். அடுத்த கர்ப்பத்தில் மீண்டும் வரக்கூடும்.

தாயை வதைக்கும் இந்நோய் குழந்தைக்கும் ஆபத்தாக மாறக்கூடும். 2019இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு, இந்நோய்க்கு ஆளான 5,000க்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகளை ஆராய்ந்தது. ஒற்றைக் குழந்தையைச் சுமந்தவர்களில், பித்த அமில அளவு லிட்டருக்கு 100 மைக்ரோமோலை எட்டியோ கடந்தோ இருந்தோருக்குக் குழந்தை வயிற்றில் இறக்கும் விகிதம் 3.44 விழுக்காடாக இருந்தது. 40க்குக் கீழ் இருந்தோருக்கு அது 0.13 விழுக்காடு மட்டுமே. யாருக்கு ஆபத்து, யாருக்கு இல்லை என்பதை ஒரு ரத்தப் பரிசோதனை பிரித்துக் காட்டிவிடுகிறது என்பதே இதன் பொருள். அளவு 100ஐ எட்டினால் 35 அல்லது 36ஆம் வாரத்தில் பிரசவத்தைத் திட்டமிடுமாறு பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2022இல் வழிகாட்டியது. ஸ்கேனும் இதயத்துடிப்புப் பதிவும் இவ்வகை இறப்பை முன்கூட்டியே காட்டித் தருவதில்லை. ஆகையால், ‘ஸ்கேன் நன்றாக இருக்கிறது’ என்ற பதிலோடு இந்த அரிப்பைக் கடந்துவிட முடியாது.

பிரிட்டனில் ஆயிரம் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ 7 பேருக்கு இந்நோய் வருகிறது. அங்கு வாழும் இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண்களிடையே அது 12 முதல் 15 வரை உள்ளது. எனவே இது நமக்குத் தொலைவான நோயன்று.

அந்நாட்டில் இந்நோய் குறித்த விழிப்புணர்வை வளர்த்ததில் பாதிக்கப்பட்ட பெண்களுக்குப் பெரும்பங்கு உண்டு. ‘ஐ.சி.பி. சப்போர்ட்’ என்ற அறக்கட்டளையைத் தொடங்கிய ஜென்னி சேம்பர்ஸ், இந்நோயால் தம் குழந்தைகளைப் பறிகொடுத்தவர். அந்த அமைப்பின் தன்னார்வலர்கள் அரிப்போடு தவிக்கும் கர்ப்பிணிகளுக்குச் செவிகொடுக்கிறார்கள். எந்தச் சோதனையைக் கேட்க வேண்டும் எனச் சொல்லித் தருகிறார்கள். மேற்கண்ட ‘லான்செட்’ ஆய்வின் ஆசிரியர்களுள் சேம்பர்ஸும் ஒருவர். இழப்பைச் சுமந்த ஒரு தாயின் சொல் மருத்துவ அறிவின் பகுதியாக அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது.

நம் சேரிகளில் இச்சொல் முதல் படியிலேயே தடுக்கப்படுகிறது. இந்நோயின் முதன்மை அறிகுறி கண்ணுக்குத் தெரியாது. பெண் தன் வாயால் சொல்ல வேண்டும், கேட்பவர் அதை நம்ப வேண்டும். ஆனால் தலித் உடலை அழுக்கோடு சேர்த்தே பார்க்கப் பழகிய சமூகம் இது. அந்தப் பழக்கம் மருத்துவமனை வாசலில் செருப்போடு கழற்றி வைக்கப்படுவதில்லை. நோயின் குறி தூய்மையின்மையின் குறியாக வாசிக்கப்படும்போது, தீண்டாமை ஒரு மருத்துவத் தவறாக உருமாறுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், பட்டியல் சாதியினர் மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நுழைவதைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. உள்ளே அனுமதித்துவிட்டு, சொல்வதைக் காதில் வாங்காமல் விடுவதை அப்பிரிவின் கீழ்க் கொண்டுவருவது கடினம். அனைவருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகள் நுகர்வோர் சட்டத்தின் வரம்புக்குள் வாரா என்று 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏழைப் பெண்ணுக்கு எஞ்சியிருப்பது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் உறுப்பும் உயர் நீதிமன்றமும். 2010இல் லக்ஷ்மி மண்டல் வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் ஏழைத் தாய்மாரின் மகப்பேற்று நலத்தை வாழ்வுரிமையின் பகுதியாக ஏற்று இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு மருந்தும் பரிசோதனையும் இலவசம். ஆனால் எந்த உரிமையைக் கோரினாலும் நீதிமன்றம் முதலில் கேட்பது ஆவணத்தை. ஆவணம் நோயாளியின் கையில் இல்லை. அதை எழுதுபவர் மேசைக்கு அப்பால் அமர்ந்திருக்கிறார்.

எனவே நம் தோழர்கள் செய்ய வேண்டியவை எளிமையானவை. மகளிர் குழுக் கூட்டங்களிலும் அம்பேத்கர் மன்றங்களிலும் இவ்வறிகுறியைப் பற்றிப் பேச வேண்டும். ஆண்களும் கேட்க வேண்டும். இரவில் மனைவி சொறிந்துகொண்டு விழித்திருப்பதை முதலில் காண்பவர் கணவரே. அரிப்புள்ள கர்ப்பிணியோடு ஒருவர் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ‘அரிப்பு உள்ளது, எப்போதிலிருந்து’ என்பதை அட்டையில் எழுதுமாறு கிராம சுகாதாரச் செவிலியரைக் கேட்க வேண்டும். கல்லீரல் செயல்பாட்டுச் சோதனையையும் பித்த அமிலச் சோதனையையும் கோர வேண்டும். அங்கு வசதி இல்லையெனில் பெரிய மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்க வேண்டும். முதல் முடிவு இயல்பாக இருந்தாலும் அரிப்பு நீடித்தால் மறுபடியும் சோதிக்க வேண்டும். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதி.

ஒன்றையும் மறவாமல் சொல்ல வேண்டும்: கர்ப்ப காலத்தில் அரிப்பு பலருக்கும் வருவது, அவர்களில் பெரும்பாலோருக்கு இந்நோய் இருப்பதில்லை. அச்சம் பரப்புவது நம் வேலையன்று. சோதனை செய்துகொள்ளாமல் களிம்பையோ கீழாநெல்லியையோ மட்டும் நம்பி நாட்களைக் கடத்துவதே ஆபத்து. குழந்தையின் அசைவு குறைந்தாலோ மாறினாலோ விடியும் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசியவர் அண்ணல் அம்பேத்கர். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் சார்ந்தது என அவர் வாதிட்டார். தாயின் உடல் அரசின் பொறுப்பு என்ற அந்த வாதத்தின் தொடர்ச்சியாகவே, இன்று அவள் சொல்லும் வலியை ஏட்டில் பதியச் செய்யும் வேலை நம்முன் நிற்கிறது.

என் அலுவலகத்துக்கு வந்த அப்பெண் மீண்டும் கருவுற்றிருக்கிறார். இம்முறை அவருடைய அட்டையின் முதல் பக்கத்திலேயே, முந்தைய கர்ப்பத்தில் வந்த அரிப்பும் குழந்தையின் இறப்பும் எழுதப்பட்டுள்ளன. எழுதச் சொல்லி உடன் நின்றவர், அவர் தெருவைச் சேர்ந்த மகளிர் குழுத் தலைவி.