கடலடியில் கெடாத மதிய உணவு

குக்கரில் பருப்பு சீக்கிரம் வேக அழுத்தம்தானே காரணம் என்று தஞ்சாவூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பாதி சரி. வெயிட் போட்ட குக்கருக்குள் கூடுதலாக ஏறுவது சுமார் ஒரு வளிமண்டல அழுத்தம். அது நீரின் கொதிநிலையை 120 டிகிரி வரை உயர்த்துகிறது. பருப்பை வேகவைப்பது அந்தச் சூடுதான். அழுத்தம் தானாக வினைவேகத்தில் செய்யும் மாற்றம் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு.

அழுத்தம் ஆயிரக்கணக்கில் ஏறினால் கதை வேறு. 1914-இல் பிரிட்ஜ்மன் என்ற இயற்பியலாளர் முட்டை வெள்ளைக்கருவை அடுப்பே இல்லாமல், அழுத்தியே உறையவைத்துக் காட்டினார்.

மூலக்கூறுகள் பழைய உருவிலிருந்து புதிய உருவுக்கு மாறும்போது, நடுக்கட்டத்தில் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எங்கள் வீட்டு நடையில் ஒரு பீரோ உண்டு. கதவு சாத்தியிருந்தால் தொல்லையில்லை. முழுக்கத் திறந்து சுவரோடு ஒட்டிவிட்டாலும் தொல்லையில்லை. பாதி திறக்கும்போதுதான் வழியை மறிக்கும். விசேஷ நாளில் உறவினர்கள் நெருக்கியடித்து நின்றால் அதைத் திறக்கவே முடியாது. நடுக்கட்டத்தில் இப்படிக் கூடும் அல்லது குறையும் இடத்துக்குக் கிளர்வுக் கனஅளவு என்று பெயர். 1935-இல் எவன்ஸும் பொலானியும் இதை வினைவேகத்தோடு முடிச்சுப் போட்டார்கள். இடம் கூடினால் அழுத்தம் வினையை மந்தமாக்கும், குறைந்தால் விரட்டும். இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்து வளையமாகும் டீல்ஸ்-ஆல்டர் வினையில் மோலுக்குச் சுமார் 30 கன செ.மீ. குறைகிறது. அறை வெப்பத்தில் 1000 வளிமண்டலம் அழுத்தினால் வேகம் மூன்று மடங்கைத் தாண்டிவிடும். பள்ளியில் அழுத்தம் என்றாலே வாயுக்களோடு நிறுத்திவிடுகிறோம். திரவத்துக்குள் நடக்கும் இந்தக் கூத்தைச் சொல்லிக்கொடுப்பாரில்லை.

எனக்குப் பிடித்தது ஆல்வின் கதை. அமெரிக்க ஆய்வு நீர்மூழ்கியான ஆல்வின், 1968 அக்டோபரில் கடலில் இறக்கும்போது வடம் அறுந்து மூழ்கியது. உள்ளே இருந்த மூவரும் தப்பினார்கள், சாப்பாடு தப்பவில்லை. மூடி திறந்தபடியே சுமார் 1500 மீட்டர் ஆழத்துக்குப் போன கலத்தைப் பத்து மாதத்துக்குப் பிறகு தூக்கினார்கள். சாண்ட்விச் ஊறிப்போயிருந்தது, கெடவில்லை. ஆப்பிளும் அப்படியே. குளிர்தான் காரணம் என்று விட்டிருக்கலாம். ஆனால் அதே உணவைக் குளிர்பெட்டியில் 3 டிகிரியில் வைத்ததும் சில வாரங்களில் அழுகிவிட்டது. நுண்ணுயிரியலாளர் யானாஷ் குழுவினர் பிறகு மாதிரிகளைக் கடலடியில் இறக்கிச் சோதித்தார்கள். அதே குளிரில் மேலே வைத்தவற்றைவிட அங்கே சிதைவு 10 முதல் 100 மடங்கு மெதுவாக நடந்தது.

அந்த ஆழத்தில் அழுத்தம் 150 வளிமண்டலம். 30 கன செ.மீ. கூடும் தனி வினை ஒன்று அங்கே ஆறில் ஒரு பங்குதான் தளரும். பாக்டீரியாவின் பிழைப்போ ஒற்றை வினையில் இல்லை: புரதங்கள் ஒன்றுசேர வேண்டும், சவ்வு இளக்கமாக இருக்க வேண்டும், சத்து உள்ளே வர வேண்டும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் இடறினால் மொத்தமும் படுத்துவிடும்.

கடல் எல்லாவற்றையும் செரித்துவிடும் என்று கழிவைக் கப்பலில் ஏற்றி நடுக்கடலில் கொட்டச் சொல்பவர்கள் இந்தச் சாண்ட்விச்சைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அலையடிக்கும் கரையோரத்தில் சில வாரங்களில் மக்குவது, ஆழத்தில் வருடக்கணக்கில் கிடக்கும். போட்டவர் கண்ணில் படாது, அவ்வளவுதான்.