கோமுகியும் குழாயும்

பிரதோஷ காலத்தில் சோமசூத்திரப் பிரதட்சிணம் செய்யும் அன்பர்கள், கருவறையின் வடபுறத்தில் கோமுகியை அடைந்ததும் அதைத் தாண்டாமல் வந்த வழியே திரும்புவது மரபு. இறைவனின் திருமுழுக்கு நீர் செல்லும் பாதை அது. அந்தப் பாதையை ஸ்தபதிகள் சுவருக்குள் புதைக்கவில்லை. யாவரும் காணும்படி வெளியே நீட்டி வைத்தார்கள். அடைப்போ கசிவோ நேர்ந்தால் அன்றே தெரிந்துவிடும். நம் இல்லங்களிலோ, தண்ணீர் போகும் வழி கண்ணில் படவே கூடாது என்பது புதிய கட்டட அழகாகிவிட்டது.

அம்மையார் அவதரித்த காரைக்காலையே எடுத்துக்கொள்வோம். ஆனிப் பௌர்ணமியையொட்டி நடக்கும் மாங்கனித் திருவிழாவில், பிச்சாண்டவர் பவனி வரும் வீதிகளில் மாடிகளிலிருந்து மாங்கனிகளை வாரி இறைப்பார்கள். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இவ்வூரின் பழைய வீடுகள் செங்கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் எழுந்தவை. (ஊர்ப் பெயரின் முற்பாதியும் காரைதான்!) அத்தகைய வீட்டில் வயதான பெற்றோர் இரவில் கொல்லைப்புறம் செல்ல வேண்டாம் என்று, பிள்ளைகள் அன்போடு கூடத்தை ஒட்டியே குளியலறை கட்டித் தருகிறார்கள். சுவரைக் கொத்திக் குழாய் பதித்து, மேலே டைல்ஸ் ஒட்டி, பணி முடிகிறது. சில மாதங்களில், அடுத்திருக்கும் பூஜையறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரத் திட்டு தோன்றுகிறது.

“கடற்கரை ஊர், உப்புப் பூக்கத்தான் செய்யும்” என்பது கட்டியவர் வழக்கமாகக் கூறும் சமாதானம். அதில் பாதி உண்மை உண்டு. தரையிலிருந்து ஏறும் ஓதம் சுவரின் அடிப்பகுதியில் நெடுகப் படரும்; மழைக்காலத்தில் மிகும், கோடையில் குறையும். குழாய்க் கசிவு அப்படியன்று. ஓரிடத்தில் மட்டும் வரைபடம் போல் விரியும். சித்திரை வெயிலிலும் உலராது. இந்த வேறுபாட்டை அறியாமல் வண்ணம் பூசி மறைப்பது வீண்செலவு. பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூச்சு இருந்தாலோ, உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி வேறு பக்கம் நகரும்.

சுவாமி படங்களின் பலகை உப்புவதும், பரம்பரையாக வந்த தேவாரப் புத்தகத்தைக் கரையான் அரிப்பதும் மனத்தை வருத்தும். அவற்றினும் பெரிய கவலை மின்சாரம். ஈரச் சுவரில் ஸ்விட்ச் பெட்டி இருந்தால், அதைத் தொடாமல் மெயின் ஸ்விட்சை அணைத்து எலக்ட்ரீஷியனை அழைப்பதே முதல் வேலை. மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி அடிக்கடி விழுந்தால், அதன் மீது சினம் கொள்ள வேண்டாம். அது நம்மைக் காக்கிறது.

கசிவைக் கண்டறியச் சுவரை உடைக்க வேண்டியதில்லை. இரவு படுக்குமுன் எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏறாதபடி செய்து, நீர்மட்டத்தை வீட்டிலுள்ள இளையவர் ஒருவரைக் கொண்டு சாக்கட்டியால் குறிக்கச் சொல்லுங்கள். மாடிப்படியில் நீங்கள் ஏற வேண்டாம். ஒரு மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டியில் மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால், சுமார் 8 லிட்டர் போயிற்று என்று பொருள். கழிப்பறையின் ஃப்ளஷ் தொட்டி ஒழுகினாலும் மட்டம் இறங்கும். அதில் சிறிது சொட்டு நீலம் கலந்து வையுங்கள். தண்ணீர் விடாமலே பீங்கானில் நீலம் தெரிந்தால் குற்றம் அங்கேதான். (மஞ்சளும் குங்குமமும் இதற்கு வேண்டாம்.) அது இல்லையெனில், ஒவ்வொரு கிளைக்கும் உரிய வால்வை ஓர் இரவுக்கு ஒன்றாக மூடிப் பார்த்தால் கசியும் கிளை அகப்படும். மட்டம் இறங்கவேயில்லை, ஆயினும் சுவர் நனைகிறது என்றால், கழிவுநீர்க் குழாயையோ குளியலறைத் தளத்தையோ ஐயுற வேண்டும்.

பல வீடுகளில் காரணம் மிக எளியது. பணி முடிந்த மகிழ்ச்சியில் சுவாமி படம் மாட்டத் துளையிடும்போது, உள்ளே மறைந்திருக்கும் குழாயைத் துளைத்துவிடுகிறோம். பூச்சு வேலைக்கு முன்பே குழாய் செல்லும் வழியை அளவுகோலுடன் படமெடுத்து வைத்தால் இந்தத் துன்பம் நேராது. அப்போதே குழாய்களில் அழுத்தத்துடன் நீர் நிரப்பி, ஒரு நாள் இணைப்புகளைப் பார்த்த பிறகே சுவரை மூடச் சொல்லுங்கள். கொத்தனார் அவசரப்படுவார், நீங்கள் அசையாதீர்கள்.

ஆலயங்களுக்கும் இந்த எச்சரிக்கை உண்டு. திருவரங்கம் பெரிய கோயில் திருப்பணி 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதைப் பெற்றது. பழைய வடிகால், மழைநீர் அமைப்புகளை மீட்டெடுத்ததும் அந்தத் திருப்பணியின் ஒரு பகுதி.

கசிவை அடைத்த பின்னும் சுவர் உலர வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும். காரைக்காலில் ஐப்பசி அடைமழைக்கு முன் உலராத சுவர் தைக்கு முன் உலர்வது அரிது. எனவே பழுது பார்ப்பதைப் பங்குனியிலேயே தொடங்குங்கள். மாங்கனிக்குள் வெள்ளையடித்துவிட வேண்டும் என்ற ஆவல் எழும். சுவர் ஈரமாயிருந்தால் இவ்வாண்டு அந்த ஒரு சுவரை மட்டும் விட்டுவிட்டு, படங்களை எதிர்ச்சுவரில் எழுந்தருளச் செய்யுங்கள்.