கோடு போட்ட குட்டிக் கற்றாழையை எது சாகடிக்கிறது?

சேலம்–விருத்தாசலம் ரயில் பாதையில் இருக்கிற ஊர் சின்னசேலம். இங்கே ரயில் கற்றாழைன்னா தெரியாதவங்க குறைவு. மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த செடி அது; தண்டவாள ஓரத்தில் வேலியாக வைத்ததால் அந்தப் பேர். நர்சரிகளில் இப்போது விற்கும் மஞ்சள், வெள்ளைக் கோடு போட்ட குட்டி அகேவ் அதன் தம்பிதான். 'குவாட்ரிகலர்' என்ற ரகம் ஒரு அடிக்கு மேல் பெரிதாக வளராது. சோற்றுக்கற்றாழைக்கும் இதற்கும் பேரில்தான் உறவு. தாவரவியலில் இரண்டும் வேறு வேறு குடும்பம்.

வறட்சி இதற்குப் பெரிய விஷயமே இல்லை. மற்ற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கும்போது கூடவே நீரையும் இழக்கின்றன. அகேவ் பகலில் மூடிக்கொண்டு, ராத்திரி குளிர்ந்த பிறகு திறக்கிறது. வாங்கிய வாயுவை அமிலமாக மாற்றிச் சேமித்து, மறுநாள் வெயிலில் உணவாக்குகிறது.

அப்புறம் ஏன் சாகிறது? பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில்தான். களிமண்ணில் தண்ணீர் நின்றால் வேருக்குக் காற்று கிடைக்காது, அடித்தண்டு அழுகிவிடும். நமக்குத் தெரியும்போது நடுக்குருத்து கையோடு வந்துவிடும். அதனால் குழி தோண்டி நடாதீங்க. முக்கால் அடி, ஒரு அடி மேடு கட்டி, செம்மண்ணோடு பாதிக்குப் பாதி ஜல்லிச் சிப்ஸ் கலந்து அதன் மேல் நடுங்க. மண் முழுசா காய்ந்த பிறகே தண்ணீர்.

வெள்ளைக் கோட்டில் பச்சையம் கிடையாது. பச்சைப் பகுதி சமைப்பதைத்தான் அதுவும் சாப்பிடுகிறது. அதனால்தான் இந்த ரகங்கள் மெதுவாக வளர்கின்றன. வளரவில்லையே என்று உரம் போடத் தேவையில்லை. நிழல்வலையில் இருந்த செடியைச் சித்திரை வெயிலில் திடீர்னு வைத்தால் அந்த வெள்ளைப் பகுதிதான் முதலில் கருகும். இரண்டு மூன்று வாரம் காலை வெயில் மட்டும் காட்டிப் பழக்கணும்.

கடைசியாக, காசு போகாமல் இருக்க ஒரு விஷயம். 'கோடு போட்ட அகேவ் விதை' என்று ஆன்லைனில் பார்த்தால் வாங்காதீங்க. குருத்து நுனியில் பச்சையம் உள்ள செல் அடுக்கும் இல்லாத அடுக்கும் சேர்ந்து இருப்பதால்தான் இலை ஓரத்தில் கோடு வருகிறது. விதையோ ஒரே ஒரு செல்லிலிருந்து உருவாவது. அதனால் நாற்று பெரும்பாலும் முழுப் பச்சையாக வரும், இல்லை முழு வெள்ளையாக வரும். முழு வெள்ளைக்கு உணவு சமைக்க வழியில்லை, செத்துவிடும்.

கோடு மாறாமல் வேண்டுமென்றால் பக்கக்கன்றுதான். அதைப் பிரிக்கும்போது கையுறை போடுங்க, சாறு பட்டால் அரிக்கும். வெட்டுக்காயம் ஆற நாலைந்து நாள் நிழலில் காயவிட்டு நடுங்க. முழுப் பச்சையாக ஒரு கன்று வந்தால் உடனே எடுத்துவிடுங்க. பச்சையம் கூட இருப்பதால் அது வேகமாக வளர்ந்து, கோடு போட்டதை அமுக்கிவிடும். எடுத்த கன்றைத் தூக்கிப் போட வேண்டாம், வேலி ஓரம் வைக்கலாம்.